மாமாவுக்கு இல்லாத நாற்காலி

கேரளத்தில் சேர மன்னன் பாஸ்கர ரவி, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் செப்பேடு எழுதிக் கொடுத்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. மட்டாஞ்சேரி தொழுகைக்கூடம் 1568இல் எழுந்தது. பெங்களூர் யூதர்களின் கதைக்கு அந்தப் பழமை கிடையாது. இங்கே அவர்கள் எப்போதுமே ஒரு கைப்பிடிதான்.

கொங்கண் கரையிலிருந்து இங்கே வந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் பலர் ஆங்கிலேயப் படையில் சேர்ந்தவர்கள். பாக்தாத் வழியினர் வணிகர்கள். கமர்ஷியல் தெருவில் ரூபின் மோசஸ் நடத்திய செருப்புக்கடை ஒரு காலத்தில் ஊரறிந்த கடை. இறந்தவர்களைப் புதைக்க மைசூர் சாலையில் நிலம் கொடுத்தவர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார், ஆண்டு 1904. மன்னருக்கு அது சிறிய கொடைதான். ஆனால் வாக்குரிமையோ கூட்டமோ இல்லாத சிலருக்குக் கொடுத்தது என்பதால் எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

ஊர் எல்லோரையும் அப்படி வரவேற்றதாக நினைக்க வேண்டாம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் கோட்டிங்கனில் வேலையிழந்தவர் இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1935இல் அவரை பெங்களூரின் டாடா இன்ஸ்டிடியூட்டுக்கு, அதாவது இந்திய அறிவியல் கழகத்துக்கு, அழைத்துவந்தார் அதன் இயக்குநர் சி.வி. ராமன். இங்கேயே நிரந்தரப் பதவி தரவும் முயன்றார். அதற்கான கூட்டத்தில் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர், சொந்த நாடு துரத்திய இரண்டாந்தர ஆள் நமக்கு எதற்கு என்கிற தொனியில் பேசினார். பார்ன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பி அழுததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1936இல் எடின்பரோ அவரை எடுத்துக்கொண்டது. 1954இல் நோபல் பரிசு. இழப்பு யாருக்கு என்று விளக்க வேண்டியதில்லை.

மாமாவுக்குக் கிடைக்காத இடம் மருமகனுக்குக் கிடைத்தது. பார்னின் சகோதரி மகன் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், பெர்லினில் படித்த கட்டடக் கலைஞர். 1939இல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். அலங்காரத்தில் ஆசை கொண்ட திவான் மிர்சா இஸ்மாயிலுக்கும், வெயிலும் காற்றும் பார்த்துக் கட்டவேண்டும் என்ற இவருக்கும் ரசனை ஒத்துப்போகவில்லை. ஆனாலும் வேலை நடந்தது. பின்னர் புவனேஸ்வர் நகரத் திட்டத்தை வரைந்தவரும் இவர்தான்.

மாமாவை மறுத்த அதே டாடா இன்ஸ்டிடியூட்டில் விமானவியல், உலோகவியல் துறைகளுக்குக் கட்டடம் எழுப்பியவரும் மருமகனே. ஆண்டுக்கொரு நாள் அந்த வளாகம் பொதுமக்களுக்குத் திறக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள், ஆய்வுக்கூடத்தைப் பார்த்த கையோடு அதன் சுவர்களையும் ஜன்னல்களையும் கொஞ்சம் நின்று பாருங்கள்.