இருதயத்தை அடக்கும் நரம்பு

தவளையின் இருதயத்தை உடலிலிருந்து முற்றிலும் பிரித்தெடுத்து, சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் உப்புகளைத் தக்க அளவில் கரைத்த நீரில் வைத்தால், மூளையின் கட்டளையோ நரம்பின் தொடர்போ ரத்தத்தின் ஓட்டமோ ஒன்றும் இல்லாத அந்த நிலையிலும் அது வெகுநேரம் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்னும் வைத்தியர் இந்த உப்புநீரின் கலவையை வகுத்துக் கொடுத்த பிறகு, உடலியல் பயின்ற மாணவர் பல தலைமுறையினர் கண்ணாரக் கண்ட காட்சி இது. கையைத் தூக்குவதற்கும் காலை மடக்குவதற்கும் நரம்பின் ஏவல் வேண்டியிருக்க, உயிருக்கே ஆதாரமான இருதயம் மட்டும் எவருடைய ஏவலையும் எதிர்பாராமல் தானாகவே இயங்குகின்றது என்னும் உண்மையை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால்தான், நரம்பு மண்டலம் அதனிடத்தில் ஆற்றும் காரியம் இன்னதென்று நமக்கு விளங்கும்.

வலது மேலறையில், உடலின் மேற்பாகத்து ரத்தத்தைத் திரட்டிக் கொண்டுவரும் பெருஞ்சிரை வந்து சேருமிடத்தில், ஓரங்குல நீளமும் இல்லாத ஒரு தசைத் திரள் இருக்கிறது. 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இருவர் கண்டறிந்து கூறிய இந்த சைனஸ் கணுவின் உயிரணுக்களுக்கு ஓய்வென்பதே கிடையாது. ஒரு துடிப்பு அடங்கிய கணத்திலேயே சோடியம் அயனிகள் சிறிது சிறிதாக உட்புறம் கசியத் தொடங்கி, அணுச்சவ்வின் மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே போக, அது ஒரு குறித்த எல்லையை எட்டியவுடன் மின் அலை புறப்பட்டு இருதயம் எங்கும் பரவி அடுத்த துடிப்பை எழுப்புகின்றது. உடனே கசிவு மறுபடியும் ஆரம்பமாகிவிடுகின்றது. தடுப்பாரும் தூண்டுவாரும் இன்றி விட்டுவிட்டால், வாலிப வயதினர் ஒருவருடைய இருதயம் இவ்விதமாக நிமிஷத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும்.

ஆயினும், திண்ணையில் சாய்ந்து அமைதியாக அமர்ந்திருக்கும் அதே வாலிபரின் மணிக்கட்டைத் தொட்டு எண்ணிப் பார்த்தால் 70, 75க்கு மேல் பெரும்பாலும் இராது. இந்தக் குறைவுக்குக் காரணம், மூளையின் அடிப்பாகமான முகுளத்திலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியாக இறங்கி மார்புக்கும் வயிற்றுக்கும் கிளை விட்டுச் செல்லும் வேகஸ் நரம்பு. இரவும் பகலும் அது இருதயத்தை அடக்கிக்கொண்டே இருக்கின்றது. சுறுசுறுப்பான மாட்டைப் பூட்டிய வண்டிக்காரன், தார்க்குச்சியைத் தொடாமலே, மூக்கணாங்கயிற்றைச் சற்று இழுத்துப் பிடித்தபடி வண்டியை நடத்துவானல்லவா, ஓய்வு வேளையில் மூளை இருதயத்தை நடத்தும் முறையும் அதுவே. வேகம் வேண்டுமென்றால் அது முதலில் செய்வது கயிற்றைத் தளர்த்துவதுதான். குச்சியை எடுப்பது அதற்குப் பின்னர். இந்த விஷயத்தில் அறியத்தக்கவை அநேகம் இருந்தபோதிலும், இதைக் காட்டிலும் முக்கியமானது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதை அறிஞர்களே எளிதில் ஒப்பவில்லை. நரம்பைத் தூண்டினால் அது சென்று சேரும் உறுப்பு வேலை செய்யும் என்பதே நெடுங்காலம் நிலவிவந்த அபிப்பிராயம். ஜெர்மனியைச் சேர்ந்த வேபர் சகோதரர்கள் 1845இல் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் இருதயத்தின் வேகம் குறைகிறது என்றும், தூண்டுதல் பலமாக இருந்தால் அது அடியோடு நின்றே போகிறது என்றும் பரிசோதனை வாயிலாகக் காட்டியபோதுதான், அடக்குவதும் நரம்பின் தொழில்களில் ஒன்று என்பது உலகுக்குத் தெரியவந்தது.

வேகத்தைக் கூட்டுவதற்கென்று பரிவு நரம்புகள் தனியே இருக்கின்றன. தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்து புறப்பட்டு வரும் இவை சைனஸ் கணுவை மட்டுமன்றி இருதயத்தின் தசை முழுவதையுமே தொட்டுத் துடிப்பின் பலத்தையும் பெருக்குகின்றன.

நரம்பு தன் கட்டளையை இருதயத்துக்கு எவ்வாறு தெரிவிக்கின்றது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துப் பேராசிரியர் ஓட்டோ லோவி. பரிசோதனையின் வழி ஓரிரவு கனவில் தோன்றியதாகவும், விழித்துத் தாளில் கிறுக்கி வைத்ததைக் காலையில் தம்மாலேயே படிக்க இயலவில்லையென்றும், மறுநாள் இரவு அதே கனவு மீண்டும் வர, எழுந்து நேரே ஆய்வுக்கூடம் சென்றதாகவும் அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் இரண்டு தவளைகளின் இருதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் வேகஸ் நரம்பை விட்டுவைத்து, மற்றதில் அதை நீக்கிவிட்டார். முதல் இருதயத்தினுள் உப்புநீரை நிரப்பி, அதன் நரம்பைத் தூண்ட, துடிப்பு தளர்ந்தது. பிறகு அந்த நீரை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இருதயத்தில் விட்டார். அதுவும் அவ்வாறே தளர்ந்தது! நரம்பின் முனையிலிருந்து ஏதோ ஒரு ரசாயனப் பொருள் சுரந்து நீரில் கலந்திருக்கின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுவதில்லை. 1921இல் வெளியான இந்த ஆராய்ச்சிக்காக 1936ஆம் ஆண்டில் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். சைனஸ் கணுவில் அது பொட்டாசியம் வெளியேறும் வாயில்களைத் திறந்து மின்னழுத்தத்தைக் கீழே இறக்கிவிடுவதனால், எல்லையைத் தொட அதிக நேரம் பிடிக்கின்றது. பரிவு நரம்பின் முனையில் சுரக்கும் நார்அட்ரினலினோ அதற்கு நேர்மாறாகக் கசிவைத் துரிதப்படுத்துகின்றது.

அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி அருகிலேயே இருப்பதால், வேகஸின் பிடி ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையிலேயே இறுகவும் தளரவும் வல்லது. பரிவு நரம்பின் விளைவோ சில விநாடி கழித்தே தலைகாட்டும். இந்தத் துரிதத்தை வாசகர்கள் தம் விரல் நுனியிலேயே உணரலாம். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாக மூன்று விரல்களை மெல்லப் பதித்து நாடி தெளிவாகத் தட்டுப்பட்டதும், மூச்சை நிதானமாக ஐந்து விநாடி உள்ளே இழுங்கள். துடிப்புகள் ஒன்றையொன்று நெருங்கி வரும். அதேபோல் நிதானமாக வெளியே விடுங்கள், இடைவெளி நீளும். மூச்சை இழுக்கையில் வேகஸின் பிடி தளர்கிறது, விடுகையில் இறுகுகிறது. இளைஞர்களிடம் இது நன்றாகத் தெரியும், வயது ஏற ஏறக் குறைந்துவிடும். நாடி ஒழுங்கற்று ஓடுகிறதே என்று இதனால் எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. நரம்பு நன்றாக வேலை செய்வதற்கு இது அடையாளம்.

முகுளத்துக்குச் செய்தி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கழுத்தின் இரு புறமும் தலைக்குச் செல்லும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இருதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் வளைவிலும், ரத்த அழுத்தத்தால் சுவர் விரியும்போது அதை உணரும் நரம்பு முனைகள் அமைந்திருக்கின்றன. படுத்திருப்பவர் சட்டென்று எழுந்து நின்றால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்கிவிடுகிறது. அழுத்தம் தாழ, சுவரின் விரிவு குறைய, அச்செய்தி முகுளத்தை எட்டிய மாத்திரத்தில் வேகஸ் பிடியைத் தளர்த்திவிடுகின்றது. நாடி பத்துப் பதினைந்து துடிப்புகள் ஏறும். முதியவர்களிடம் இந்த ஏற்பாடு சற்று மந்தமாக இருப்பது, எழுந்தவுடன் அவர்களுக்குத் தலை சுற்றுவதற்கு ஒரு காரணம்.

வேகஸின் பிடியைக் குலைக்கும் மருந்துகளும் விஷங்களும் நம்மிடையே இருக்கின்றன. வேலியோரத்திலும் குப்பைமேட்டிலும் முளைத்துக் கிடக்கும் ஊமத்தையில் அட்ரோபினும் அதன் இனத்துப் பொருள்களும் உண்டு. அவை அசிட்டைல்கோலின் சென்று பற்றும் இடத்தை அடைத்துவிடுவதால், அதன் விதையைத் தின்றவருக்கு நா வறண்டு, கண்மணி விரிந்து, நாடி தாறுமாறாக விரையும். பயிருக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் இதற்கு எதிரானவை. அவை அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிட, பிடி தளராமல் இறுகிக்கொண்டே போய், மூச்சுக்குழாயில் நீர் கோத்து, நாடி அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். அப்போது ஆஸ்பத்திரியில் ஊசிவழியே ஏற்றுவது அந்த அட்ரோபினைத்தான். முகமூடியும் கையுறையும் இன்றி வயலில் மருந்தடிக்கும் தொழிலாளருக்கு இதை எடுத்துச் சொல்லுவார் இன்னும் மிகுதியாக வேண்டும்.

1967ஆம் ஆண்டு டிசம்பரில் கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதன்முதலாக ஒரு மனிதரின் இருதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தினார். மாற்றிப் பொருத்தும்போது வேகஸ், பரிவு ஆகிய இரு நரம்புகளும் துண்டிக்கப்படுவதனால், அத்தகைய இருதயம் ஓய்விலும் நிமிஷத்துக்கு 90 முதல் 110 முறை வரை துடிக்கின்றது. அட்ரோபின் கொடுத்தாலும் அதன் வேகம் கூடுவதில்லை. மாடிப்படி ஏறும்போது நாடி உடனே உயராமல், அட்ரினல் சுரப்பியின் நீர் ரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்த பின்னரே உயர்கின்றது. உட்கார்ந்த பிறகும் நெடுநேரம் தணியாமல் இருக்கின்றது. மாற்று இருதயம் பெற்றவர்களுள் சிலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்லப் பரிவு நரம்பின் இழைகள் புதிய இருதயத்துள் மறுபடியும் வளர்ந்து சேருவதுண்டு. அவ்வாறு இழைகள் சேரப் பெற்றவர்கள் உழைக்கும்போது நாடி முன்னைக் காட்டிலும் விரைவாக ஏறுவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.