தால்சிம்மும் களரியும்

இந்தியச் சண்டைக்காரன் எப்படி இருப்பான்? 1991இல் ஒசாகாவின் கேப்காம் நிறுவனம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வீடியோ கேமில் ஒரு பதில் சொன்னது. கழுத்தில் மண்டை ஓடுகள், வாயில் நெருப்பு, ரப்பராக நீளும் கைகால்கள். பெயர் தால்சிம். பின்னணியில் யானைகள், சந்தேகமென்ன? 2023இல் வந்த ஆறாம் பதிப்பிலும் அவர் ஆஜர்.

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் 1956 முதல் இயங்கும் சி.வி.என். களரியைப் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கைதான். மரபுப்படி களரி என்பது 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்ட, தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிய மண் களம். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளுடன் பூத்தறை. முதலில் உடற்பயிற்சி, பிறகு கம்பு, அடுத்து வாளும் உருமியும். வெறுங்கைச் சண்டை கடைசிப் பாடம்! யானை, சிங்கம், பாம்பு, மயில் என எட்டு விலங்குகளின் வடிவங்களில் உடலை நிறுத்தி, அங்கிருந்து சட்டென்று பாய்வார்கள்.

இந்தப் பாய்ச்சலைத் திரைக்குக் கொண்டுவரும் வித்தை யோகோஹாமாவில் இருக்கிறது. ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ், 1988இல் தொடங்கிய சிறிய நிறுவனம். 2014இல் வெளியான அதன் ‘கில்டி கியர் எக்ஸ்ஆர்டி’யில் வரும் முப்பரிமாணப் பாத்திரங்கள் கையால் வரைந்த கார்ட்டூன் போலவே தெரியும். இரண்டு நிலைகளுக்கு இடைப்பட்ட அசைவைக் கணினி வழவழவென்று நிரப்ப அவர்கள் விடவில்லை. ஒவ்வொரு நிலையையும் கலைஞர்களே அமைத்தார்கள். களரியின் வடிவங்களுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தி ஏது?

வரையும் கைகளுக்கும் திருவனந்தபுரத்தில் பஞ்சமில்லை. டெக்னோபார்க்கில் 1999இல் தொடங்கிய டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமனைக் கார்ட்டூன் தொடராக்கியது. ஆனால் கார்ட்டூன் ஒளிபரப்பானால் வேலை முடிந்தது. சண்டை விளையாட்டு அப்படியல்ல. விநாடிக்கு 60 படங்கள். ஓர் அடியை ஓங்க, படவைக்க, மீள என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை படம் எனக் கணக்கு. ஒரு படம் கூடினாலும் ஆட்டம் ஒருபக்கம் சாயலாம். ஆடிப் பார்த்து, திருத்தி, மறுபடி ஆட வேண்டும்.

அதற்குப் பொறுமையுள்ள முதலாளி தேவை. மற்றவர்களுக்கு வேலை செய்து கொடுத்துக் காலம் தள்ளிய ஆர்க் சிஸ்டம், டைசுகே இஷிவதாரி என்ற இளைஞர் பாத்திரங்களை வரைந்து இசையும் அமைத்த முதல் ‘கில்டி கியர்’ஐ வெளியிட்டபோது 1998 ஆகியிருந்தது.