கோழி வாங்கப் போறீங்களா? குணம் பாருங்க சார்!

கூடுவாஞ்சேரிக்கு உள்ளே தள்ளி ஒரு மனையை வாங்கி, பாதியில் வீடும் மீதியில் தோட்டமுமாக ஒருத்தன் குடியேறிவிட்டால் போதும்... வருகிறவர்கள் எல்லோரும் காபியைக் குடித்துவிட்டுக் கொடுக்கிற யோசனை ஒன்றே ஒன்றுதான். “நாலு கோழி வளர்க்கலாமே சார்!”

வளர்த்தேன். நாலு இல்லை, பதினொன்று!

வாங்கும்போது நிறம் கேட்டேன். எத்தனை முட்டை என்று கேட்டேன். ‘இதோட குணம் எப்படி?’ என்று மட்டும் கேட்கவில்லை. கோழி என்றால் கோழிதானே என்கிற அலட்சியம். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்குப் புதுசாக ஒருத்தர் வருகிறார் என்றால் எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்!

முதலில் வந்தவை ரோட் ஐலண்ட் ரெட் பெட்டைகள் இரண்டு. செங்கல் நிறம், கனத்த உடம்பு. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலம் 1954-ல் இதைத் தன் மாநிலப் பறவையாகவே அறிவித்துவிட்டது. எங்கள் பழைய ஹெட் கிளார்க் மாதிரி குணம். வந்தோமா, தின்றோமா, முட்டையை வைத்தோமா என்று இருக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் காலுக்கு நடுவே புகுந்து புழு தேடும். (இந்த ஜாதிச் சேவல் சில சமயம் முரடாக இருக்கும். நான் வாங்கவில்லை, பிழைத்தேன்.)

அடுத்து வெள்ளை லெகார்ன் இரண்டு. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகப் பெயர் ஆங்கிலேயர் வாயில் புகுந்து லெகார்ன் ஆனது. முட்டை போடுவதில் இதை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் நரம்புத் தளர்ச்சிக்காரர் மாதிரி ஒரு படபடப்பு! சமையலறையில் குக்கர் விசில் அடித்தால் இது காம்பவுண்டு சுவர் மேல் இருக்கும். அடைகாக்கவும் உட்காராது. தலைமுறை தலைமுறையாக, அடையில் உட்காராமல் முட்டை மட்டும் போடுகிறவற்றையே பொறுக்கியெடுத்து வளர்த்ததன் பலன். “போடறது என் வேலை, பொரிக்கறது வேற செக்‌ஷன்” என்கிற கட்சி.

அசில் சேவல் ஒன்று. சண்டைக்கோழி வம்சம். பார்க்கப் பயில்வான்தான். ஆனால், என்னிடம் குழந்தை! மடியில் தூக்கி வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சொக்கும். அதன் கோபமெல்லாம் சொந்த ஜாதிக்காரனிடம்தான். சில வாரக் குஞ்சாக இருக்கும்போதே ஒன்றையொன்று முறைக்க ஆரம்பித்துவிடும். ஒரே இடத்தில் இரண்டு அசில் சேவலை விடுவது, ஒரே மேனேஜர் நாற்காலிக்கு இரண்டு பேருக்கு ஆர்டர் அடித்த மாதிரி.

மத்தியப் பிரதேசம் ஜாபுவா பக்கத்துக் கடக்நாத், அதாவது நம்மூர் பாஷையில் கருங்கோழி ஒன்று. 2018-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமைக்குரியது. கொண்டை, தோல், கறி எல்லாம் கறுப்பு. முட்டையைப் பார்க்க வந்த என் மாமியார்தான் ஏமாந்து போனார். அது வெளிர் பழுப்பு! கூச்ச சுபாவம். எல்லாம் ஒரு பக்கம் மேய்ந்தால் இது தனியாக வேலியோரம் மேயும்.

கடைசியாக, நம் தமிழ்நாட்டுச் சிறுவிடைப் பெட்டை ஒன்று. சின்ன உடம்பு, பெரிய வைராக்கியம். அடையில் உட்கார்ந்துவிட்டால், கையை நீட்டுகிறவன் கலெக்டராக இருந்தாலும் கொத்துதான்.

இந்த ஏழும் ஒரு வாரம் அடித்துக்கொண்டு, அப்புறம் ‘நீ முதலில், நான் அடுத்து’ என்று வரிசை போட்டுக்கொண்டன. நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே என்பவர் சின்ன வயசிலிருந்தே கோழிகளைப் பார்த்துப் பார்த்து, யார் யாரைக் கொத்தலாம் என்கிற இந்த வரிசையை 1920-களின் தொடக்கத்தில் எழுதி வைத்தார். ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதற்கு நார்வே வரை போக வேண்டியதில்லை.

எல்லாம் சுமுகமான பிறகுதான் எனக்குச் சனி பிடித்தது. நாலு கின்னிக்கோழி வாங்கினேன்!

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பறவை. சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளி, மொட்டைத் தலை. “ரெண்டு ஜோடி சார்” என்றார் கொடுத்தவர். ஆண் எது, பெண் எது? கத்தினால்தான் தெரியும். பெண் “கெக்-ரேக், கெக்-ரேக்” என்று இரண்டு அசையில் கத்தும். ஆணுக்கு அது வராது. ஒரே அசைதான். கல்யாணமானவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

அந்தச் சத்தம் இருக்கிறதே... எண்ணெய் போடாத கைப்பம்பை யாரோ விடாமல் அடிக்கிற மாதிரி! புதுசாக எதைப் பார்த்தாலும் கத்தும். பருந்து, பூனை, போஸ்ட்மேன், கொடியில் காயப்போட்ட புது லுங்கி, எல்லாமே அதற்கு ஒன்றுதான். அசில் சேவல் நேருக்கு நேர் நின்று சண்டை போடுகிற வீரன். இவை பின்னாலிருந்து ஓடிவந்து வாலில் ஒரு இறகைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும். பாவம், பயில்வானுக்கு ஒன்றும் புரியவில்லை. சாயந்திரமானால் கோழிகள் கூண்டுக்கு வரும். கின்னி வராது. முருங்கை மரத்து உச்சிதான் ஜாகை.

பக்கத்து வீட்டுப் பையன் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை எழுதி நாலைந்து மார்க்கில் போனவன். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து உட்காருவான். அஞ்சரைக்கு முருங்கை மரத்தில் கச்சேரி! ஒரு நாள் அவன் அப்பா வேலியோரம் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. “இதுதான் அவனுக்குக் கடைசி சான்ஸ் சார்” என்றார். அதற்கு அவர் சத்தமே போட்டிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரசஞ்சாதத்துக்குப் பிறகு கண் அசந்தேன். நாலும் சேர்ந்து ஆரம்பித்தன. அஞ்சு நிமிஷம்... பத்து நிமிஷம்... ஆத்திரத்தில் வெளியே வந்து செருப்பைக் கழற்றி வீசினேன். மரத்துக்குப் பறந்தன. போய்ப் படுத்தேன்.

அரை மணி கழித்து வேலியோரம் கருங்கோழி கழுத்தில் ரத்தத்தோடு கிடந்தது. கீரிப்பிள்ளை.

அந்தப் பையன் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறான். “அங்கிள், தெனமும் சும்மா அங்கேயும் இங்கேயும் பார்த்துத்தான் கத்தும். இன்னிக்கு நாலும் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்திச்சு. நீங்க வந்ததும் சொல்லலாம்னு எழுந்தேன், அதுக்குள்ளே செருப்பு பறந்துடுச்சு.”

என் கோழியின் பாஷை, அதனால் தூக்கம் கெட்டவனுக்குப் புரிந்திருந்தது. எனக்குப் புரியவில்லை.

ஆனாலும் சத்தம் சத்தம்தானே? செங்கல்பட்டுப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு நாலையும் கொடுத்துவிட்டேன். அங்கே பூச்சி உண்டு, மரம் உண்டு, காது கிடையாது. நெருக்கமான மனைக்கு ரோட் ஐலண்டும் சிறுவிடையும் போதும். கின்னிக்குச் சில ஏக்கர் வேண்டும். இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்!

கொடுத்த அன்றைக்குத்தான் செம்பருத்திப் புதருக்குள் முட்டைகளைப் பார்த்தேன். பன்னிரண்டு. கின்னி அப்படித்தான், கண்ணில் படாத இடமாகப் பார்த்து இடும். அடையில் உட்கார்ந்திருந்த சிறுவிடைக்கு அடியில் வைத்தேன். கோழி முட்டைக்கு 21 நாள், கின்னிக்கு 26 முதல் 28 நாள். ஒரு வாரம் ஓவர்டைம்! சில கோழிகள் பொறுமையிழந்து எழுந்துவிடும். சிறுவிடை எழவில்லை. 27-ம் நாள் எட்டுக் குஞ்சு. ஈரம் ஆகாது என்பதால் பழைய அட்டைப்பெட்டியில் உமி பரப்பி வைத்தேன். கோழி வளர்க்கிற கின்னி ஓரளவு சாதுவாகும், ராத்திரி தாயோடு கூண்டுக்கு வரப் பழகும் என்பார்கள். இருட்டிய கூண்டில் அடைத்தால், திறக்கிறவரை அவ்வளவாகக் கத்தாது.

அன்று சாயந்திரம் அப்பாவும் பையனுமாக வேலியோரம் எட்டிப் பார்த்தார்கள்.

“இதுவும் கத்துமா சார்?”

“கத்தும். இப்போ இல்லை. வளரணும், ரெண்டு மாசமாவது ஆகும்.”

பையன் விரல் விட்டு எண்ணினான். “பரீட்சை முடிஞ்சிடும்ப்பா” என்றான்.