போல்ட் தலையில் ஓர் 'எஃப்'

பழைய ஜீப்புக்காரர்கள் கூடும் இடத்தில் இந்தக் காட்சி தப்பாமல் கிடைக்கும்: நிற்கும் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே டார்ச் வெளிச்சம். படுத்திருப்பவர் எதையும் பழுது பார்க்கவில்லை. ஏதாவது ஒரு போல்ட்டின் தலையில் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களிடம் ஒரு வண்டி கேட்டது. எடை குறைவாக, நான்கு சக்கரமும் இழுப்பதாக இருக்க வேண்டும். முதல் வண்டி 49 நாளில் கைக்கு வர வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் ஊரில் நொடித்துக் கிடந்த பாண்டம் என்ற சிறு நிறுவனம் துணிந்தது. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் சில நாட்களிலேயே வரைபடத்தை முடித்தார். செப்டம்பர் 23 அன்று வண்டி சோதனைக் களத்துக்கு வந்து சேர்ந்தது. இராணுவத்துக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் இவ்வளவு சிறிய தொழிற்சாலையால் யுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியுமா என்ற சந்தேகத்தில், வடிவமைப்பை வில்லிஸ், ஃபோர்டு என்ற வேறு இரு நிறுவனங்களுக்குக் காட்டிவிட்டார்கள். கடைசியில் வென்றது 60 குதிரைத்திறன் எஞ்சின் வைத்திருந்த வில்லிஸ். அதே வண்டியை அச்சு அசலாகச் செய்துதரும்படி ஃபோர்டிடமும் சொன்னார்கள். பிள்ளையைப் பெற்ற பாண்டத்துக்கு யுத்தம் முழுக்க இழுவை வண்டி செய்யும் வேலைதான் மிஞ்சியது.

வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து செய்தவை ஆறு லட்சத்துக்கும் மேல். ஒருவர் செய்த பாகம் மற்றவர் வண்டியில் அப்படியே பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. குண்டடிபட்ட இரண்டு ஜீப்பைப் பிரித்து, ஓடக்கூடிய ஒன்றைப் போர்முனையிலேயே கட்டிவிடலாம். ஃபோர்டு மட்டும் தன் பாகங்களில் 'எஃப்' குத்தியது. அடுத்தவன் சரக்கு உடைந்தால் பழி நம் மேல் வரக்கூடாது என்பதற்காகத்தான் என்று சொல்வார்கள்.

அந்த எழுத்தில்தான் இன்றைய சேகரிப்பாளர்களின் உயிர் இருக்கிறது. வேற்றுமையே தெரியக்கூடாது என்று செய்யப்பட்ட வண்டியில் வேற்றுமையைத் தேடுவதே இவர்கள் பொழுதுபோக்கு! ரேடியேட்டருக்குக் கீழே சேஸிஸின் குறுக்குச் சட்டத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். தலைகீழாகக் கவிழ்த்த 'ப' போல இருந்தால் ஃபோர்டு.

முகப்புக் கிரில்லில் இன்னும் சுவையான கதை இருக்கிறது. முதல் 25,000 வில்லிஸ் வண்டிகளுக்குப் பட்டை இரும்புகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக் கிரில் செய்தார்கள். கனம் அதிகம், நேரமும் அதிகம். ஃபோர்டு ஒரே தகட்டை அச்சில் அழுத்தி, ஒன்பது நீள்துளைகளோடு எடுத்தது. மெல்லிய தகடு வளைந்துவிடாதா? பனையோலை விசிறியை நினைத்துப் பாருங்கள். தனி ஓலை துவளும். மடிப்பு விழுந்ததும் விறைத்து நிற்கும். துளையின் ஓரங்களை மடித்துவிட்டால் தகடும் அப்படித்தான், எடையைக் கூட்டாமலே வலுவாகிவிடும். வில்லிஸும் பிறகு அதையே எடுத்துக்கொண்டது. ஜீப் என்றதும் நம் மனத்தில் எழும் முகத்தைப் போட்டியாளரின் சிக்கனம்தான் வரைந்தது.

எனக்கு இவர்கள் வேலையில் மிகவும் பிடித்தது பெயிண்ட் சுரண்டுவது. போர் முடிந்து பல கைகள் மாறிய ஜீப்பின் மேல் விவசாயி அடித்த சிவப்பு, தீயணைப்புப் படையின் சாயம் என்று பல படலங்கள் இருக்கும். பானெட்டின் பக்கவாட்டில் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துக்கொண்டே போனால், அடியில் பளபளப்பில்லாத இராணுவப் பச்சை வரும். அதன் மேல் மங்கிய நீலத்தில் ஒரு பதிவு எண் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையோடு கலந்துவிட வேண்டும் என்றே அந்த நீலத்தைத் தேர்ந்திருந்தார்கள். இன்னும் நாலு தேய்ப்பு அதிகமாகிவிட்டால் எண்ணும் போய்விடும். கீழடி அகழாய்வில் மண்ணடுக்கைச் சுரண்டுகிறவர்களின் பொறுமை இதற்கு வேண்டும்.

வண்டியோடு நிற்பதில்லை இந்த ஆசை. டாஷ்போர்டில் இருந்த தகவல் தகடுகள், 1944-இல் வெளியான பராமரிப்புக் கையேடு, வருடம் பொறித்த பெட்ரோல் கேன், போர்க்காலப் பத்திரிகைகளில் வில்லிஸ் கொடுத்த வண்ண விளம்பரங்கள் என எல்லாவற்றுக்கும் விலை உண்டு. போலித் தகடுகளும் உண்டு. மரப்பெட்டியில் கிரீஸ் தடவிய புத்தம்புது ஜீப் 50 டாலருக்குக் கிடைத்ததாம் என்று ஒரு கதை இன்னமும் சுற்றுகிறது. கடல் கடந்து பெட்டியில் ஜீப் போனது உண்மை. 50 டாலரை மட்டும் நான் நம்பவில்லை.

பாண்டத்தின் ஊரான பட்லரில் 2011-இல் 1,106 ஜீப்புகள் ஊர்வலம் போயின. எஞ்சியிருக்கும் பாண்டம் வண்டிகளில் மிகப் பழையதான 'கிராம்ப்ஸ்', பக்கத்து நகரமான பிட்ஸ்பர்க்கின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. போரில் படைகள் கரையிறங்கிய நாளான ஜூன் 6 வந்தால் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் பச்சை வண்டிகள் திரண்டுவிடும்.

நம் ஊரிலோ கதை வேறு. வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டத் தொடங்கிய மகேந்திராவின் வழிவந்த வண்டிகள், போடியிலிருந்து மலையேறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகின்றன. ஒன்றின் கியர்பாக்ஸ், இன்னொன்றின் ஆக்ஸில், எங்கிருந்தோ வந்த எஞ்சின். நார்மண்டிக்குப் போகிற ஆசாமி பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். 1940-இல் வண்டி கேட்ட அதிகாரி பார்த்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்.