தேனீ விஷத்தில் ஒரு துண்டு

தாமிரபரணிக் கரையில், மருத மரத்துத் தேன்கூட்டை அண்ணாந்து பார்க்கும் முக்கூடல் பிள்ளையே, உனக்கு ஒரு கேள்வி. தேனீ கொட்டினால் ஏன் அப்படிக் கடுக்கிறது?

கொடுக்கு குத்துவதாலா? குண்டூசி குத்தினால் அவ்வளவு கடுக்கவில்லையே என்று யோசிக்கிறாய் அல்லவா? சபாஷ்! விஷம்தான் காரணம். அதில் அதிகம் இருப்பது மெலிட்டின். 26 அமினோ அமிலங்களைப் பூச்சரம் போல வரிசையாகத் தொடுத்தது. இப்படிப்பட்ட குட்டிச் சரத்துக்குப் பெப்டைடு என்று பெயர்.

நம் செல்லைச் சுற்றி, கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. பாக்டீரியாவுக்கும் உண்டு. மெலிட்டின் அந்தக் கொழுப்புக்குள் புகுந்து ஓட்டை போட்டுவிடும். பாக்டீரியா செத்தால் நல்லதுதான். ஆனால் நம் ரத்தத்தின் சிவப்பணுவும் உடைகிறதே! அதனால், தேனீக் கொட்டு மருந்து என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே.

ஐதராபாத்தில் சிசிஎம்பி என்ற பெரிய உயிரியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே ஆர். நாகராஜும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வேலை செய்தார்கள். மெலிட்டினின் கடைசி 15 அமினோ அமிலங்களை மட்டும் வேதிமுறையில் தாங்களே கோத்தார்கள். 1999-இல் அதைப் பற்றி எழுதினார்கள். அந்தத் துண்டும் பாக்டீரியாவைக் கொன்றது. முழு மெலிட்டினின் வேகம் இல்லை. ஆனால் சிவப்பணுவை உடைப்பது மிக மிகக் குறைந்துவிட்டது! எனக்கு இது பெரிய கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

துண்டுக்கு ஆள் அடையாளம் எப்படித் தெரிந்தது? எண்ணெய் வைக்காத தலையைச் சீப்பால் வாரி, அந்தச் சீப்பைக் காகிதத் துணுக்கருகே கொண்டுபோ. துணுக்கு தாவி வந்து ஒட்டும். மின்னூட்டத்தின் வேலை அது. இங்கேயும் அதுதான். பாக்டீரியாச் சவ்வின் கொழுப்பில் எதிர் மின்னூட்டம் அதிகம். பெப்டைடில் நேர் மின்னூட்டம். இரண்டும் ஈர்த்துக்கொள்ளும். சிவப்பணுவின் வெளிப்புறக் கொழுப்பில் அந்த எதிர் மின்னூட்டம் அநேகமாக இல்லை. போதாததற்குக் கொலஸ்ட்ரால் வேறு சவ்வை இறுக்கி வைத்திருக்கிறது.

இதுவரை புரிகிறதா? அப்படியானால் முழு மெலிட்டின் மட்டும் சிவப்பணுவை ஏன் விடுவதில்லை? விட்டுவிட்ட முன்பகுதியைப் பார். அது பெரும்பாலும் தண்ணீரை வெறுத்துக் கொழுப்போடு சேரும் பகுதி. மின்னூட்டம் இழுக்காவிட்டாலும் அது சவ்வுக்குள் நுழைந்துவிடும்.

பிறகு நாகராஜ் குழுவினர் அந்த 15-இல் சிலவற்றை இடம் மாற்றிக் கோத்தார்கள். பாக்டீரியாவைக் கொல்லும் வேகம் கூடியது.

பாக்டீரியா சும்மா இருக்குமா? தப்பிக்கச் சவ்வின் கொழுப்பையே மாற்ற வேண்டும், லேசான காரியமில்லை. ஆனாலும் புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் அதைச் செய்கிறது. தன் கொழுப்பில் லைசின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டி, எதிர் மின்னூட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது, கள்ளப் பயல்!