உங்களுக்குத் தெரியுமா? முதுகெலும்புக் கட்டியை எடுத்தால் கால் போய்விடுமா?

முதுகெலும்புக் கட்டிக்கு அறுவை சிகிச்சை என்றதும், கால் முடங்கிவிடும் என்று பல குடும்பங்கள் பின்வாங்குகின்றன. சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. எக்ஸ்ரேகூடக் கண்டுபிடிக்கப்படாத 1887-இல், லண்டனில் அறுவை மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி தண்டுவடத்தை அழுத்திய கட்டியை அகற்றினார். முடங்கிக் கிடந்த நோயாளி மீண்டும் நடந்தார். மெனிஞ்சியோமா, ஷ்வானோமா போன்ற புற்றல்லாத கட்டிகளை இன்று பெரும்பாலும் முழுமையாகவே எடுத்துவிடலாம். "புற்றுநோய் பரவி வந்த கட்டியை அறுத்து என்ன பயன்?" என்பது நியாயமான கேள்வி. முதுகெலும்பில் காணப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் முதலியவற்றிலிருந்து பரவியவைதாம். ஆனால் 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள்: பரவிய கட்டியால் தண்டுவடம் நசுங்கிய 101 பேரில், அறுவையும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினர் நடந்தனர்; கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 விழுக்காட்டினரே.

எல்லோருக்கும் அறுவை பொருந்தாது என்பதும் உண்மை. லிம்ஃபோமா, மைலோமா போன்ற புற்றுக் கட்டிகள் கதிர்வீச்சிலேயே நன்கு சுருங்கும். உடல் மிகத் தளர்ந்தவருக்கும் கதிர்வீச்சே ஏற்றது. எந்தச் சிகிச்சையானாலும், நடக்கும் நிலையில் வந்தவர்களே பிறகும் அதிகம் நடக்கிறார்கள். ஆகவே அஞ்ச வேண்டியது தாமதத்துக்குத்தான். முதுகுவலி வந்தவர்களில் மிகச் சிலருக்கே கட்டி இருக்கும். ஆனால் படுத்தாலும் அடங்காமல் இரவில் கூடும் வலியை எண்ணெய் தேய்த்தே கடத்தாதீர்கள்; மருத்துவரிடம் காட்டுங்கள். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். பினாங்கில் இருப்பவர்களுக்கு, ஜார்ஜ்டவுன் ஜாலான் ரெசிடென்சியிலுள்ள பினாங்கு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவு உண்டு.