மணல்தாள் அழித்த எழுத்துகள்

கடந்த விடுமுறையில் பாட்டி வீட்டுப் பழைய மர அலமாரியைப் புதுப்பித்துத் தருவதாக நானே முன்வந்தேன். மணல்தாளால் உள்ளும் புறமும் தேய்த்து, வார்னிஷ் பூசினேன். அலமாரி பளபளத்தது. பாட்டி கதவைத் திறந்து பார்த்தார்.

“தாத்தா எழுதி வச்சது எங்கேடா?”

ஐந்து பிள்ளைகள் பிறந்த நாளையும் நேரத்தையும் தாத்தா கதவின் உட்புறத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தாராம். அழுக்கு என்று நினைத்து நான் தேய்த்தது அதைத்தான்.

கட்டடக்கலை படிக்கும் எனக்கே, பழைய மரத்தைப் பாதுகாப்பது ஒரு தனித்துறை என்பது அதன்பிறகுதான் தெரிந்தது. இதற்கான அனைத்துலகப் பயிற்சி ஒன்று நார்வேயில் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பண்பாட்டுச் சொத்துகளைப் பாதுகாக்கும் இக்ரோம் அமைப்பும் நார்வேயின் மரபுடைமை இயக்குநரகமும் அதில் கைகோத்துள்ளன. இப்பயிற்சிக்குப் பல நாட்டு வல்லுநர்கள் வந்துள்ளார்கள்.

வெட்டிய பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வெளிவிடும். அதற்கேற்ப விரியும், சுருங்கும். ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடித்து மரம் உளுத்துப்போகலாம். எனவே, ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். பிறகு உளுத்த பகுதியை மட்டும் அகற்றி, அதே வகை மரத்துண்டைப் பொருத்துவார்கள். நல்ல பகுதியைத் தொடமாட்டார்கள். எதைச் செய்வதற்கு முன்பும் படமெடுத்து, அளந்து, பதிவு செய்துகொள்வார்கள். நான் தவறவிட்டது இதைத்தான்.

நார்வேயில் இடைக்காலத்து மரத் தேவாலயங்கள் 28 இன்றும் உள்ளன. 12ஆம் நூற்றாண்டின் ஊர்னெஸ் தேவாலயம் 1979ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தளமானது. அவற்றுக்கு முன்பு கட்டப்பட்ட தேவாலயங்களின் தூண்கள் நேரே மண்ணில் ஊன்றப்பட்டதால் அடி உளுத்துப்போயின. பின்னர் வந்த தச்சர்கள் கல் அடித்தளத்தின்மேல் கட்டினார்கள். நம் ஊர்க் கம்பத்து வீடுகளின் தூண்களும் கல்மேல்தானே நிற்கின்றன? மண்ணின் ஈரம் மரத்தில் ஏறக்கூடாது என்பதே இரண்டு இடத்திலும் காரணம்.

நார்வே பயிற்சியில் சேரப் பணி அனுபவம் வேண்டும். அதுவரை கட்டடக்கலை, வேதியியல், வரலாறு, தச்சு என எதைக் கற்றாலும் இத்துறையில் நுழைய வழியுண்டு. பட்டம் பெற்றதும் அந்த வழியில் செல்ல நான் முடிவெடுத்துவிட்டேன்.

பாட்டியிடம் கேட்டு, பிறந்த நேரங்களை இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். நான்கு பிள்ளைகளின் நேரம் அவருக்கு நினைவிருக்கிறது. ஐந்தாவது பிள்ளையான என் அப்பாவின் நேரம் மட்டும் நினைவில்லை.